சாப்பாட்டு மேஜைக்கு வந்த எமன்! மலிவு ஒயின் குடித்து 23 பேர் பலி

மளிகைச் சாமான் வாங்குகிற கடையிலேயே பாட்டிலையும் வாங்கினார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக் குடித்தார்கள். அதில்தான் விஷம் இருந்தது.

23 பேர் செத்தார்கள். இன்னும் பல பேருக்குக் கண் போயிற்று.

இத்தாலி நாட்டையே உலுக்கிய இந்தப் பயங்கரம் 1986-ம் ஆண்டு மார்ச் மாதம் நடந்தது.

மோர் மாதிரி

இத்தாலிக்காரர் வீட்டில் ஒயின் என்பது அப்போது போதைச் சமாசாரமே அல்ல. நம்ம வீட்டில் கடைசியில் மோர் ஊற்றிக்கொள்வது எப்படியோ, அப்படி. மத்தியானம் ஒரு டம்ளர், ராத்திரி ஒரு டம்ளர். மிச்சம் இருந்தால் அடுப்படிக்குப் போகும்.

வடக்கே ஆல்ப்ஸ் மலை ஓரமாக பீட்மான்ட் என்றொரு பகுதி. அங்கே மாட்டுக்கறியைப் பெரிய துண்டாக எடுத்து, வெங்காயம், கேரட், கிராம்பு, பிரிஞ்சி இலையோடு சிவப்பு ஒயினில் ராத்திரி பூரா ஊறப் போடுவார்கள். மறுநாள் அதே ஒயினில் சிறு தீயில் மூன்று மணி நேரம் வேகும். கரண்டி பட்டாலே கறி உதிரும்.

இதற்கு "பாரோலோ" என்ற உயர்ந்த ஜாதி ஒயினைத்தான் ஊற்றவேண்டும் என்பது சாஸ்திரம். அந்த விலைக்கு குமாஸ்தா எங்கே போவான்? அவன் வீட்டில் "பார்பேரா"தான்.

"ரிசோட்டோ" என்று ஒரு அரிசிச் சோறு உண்டு. அரிசியை வெண்ணெயில் வறுத்து, அதன்மேல் ஒரு கிளாஸ் வெள்ளை ஒயினை "சொய்ங்" என்று ஊற்றி, அது சுண்டியதும் எலும்பு சூப்பைக் கரண்டி கரண்டியாக விட்டுக் கிளறுவார்கள்.

எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்பதிலும் கணக்கு உண்டு. பார்பேரா நல்ல புளிப்பு. கொழுப்பான கறி, சீஸ், நெத்திலி மாதிரி மீனையும் பூண்டையும் எண்ணெயில் கரைத்த தொக்கு - இதெல்லாம் நாக்கில் விடுகிற எண்ணெய்ப் பசையை அந்தப் புளிப்பு கழுவி விட்டுவிடும். கறிக்குழம்புக்குப் பிறகு ரசம் ஊற்றிக்கொள்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மீனுக்கு மட்டும் வெள்ளை ஒயின். சிவப்பை ஊற்றினால் சில நேரம் வாயில் இரும்பு வாசம் அடிக்கும்.

டிகிரி மோசடி

இந்த மலிவு பார்பேராவில்தான் கில்லாடிகள் கை வைத்தார்கள்.

மலிவு ஒயினுக்கு, அதில் எத்தனை சதவீதம் சாராயம் இருக்கிறது என்று பார்த்துத்தான் மொத்த வியாபாரத்தில் விலை. திராட்சையில் இனிப்பு குறைந்தால் சாராயமும் குறையும், விலையும் இறங்கும். சர்க்கரை போட்டு ஏற்றலாம் என்றால் இத்தாலியில் சட்டப்படி அதற்குத் தடை. ஆனாலும் திருட்டுத்தனமாகப் போட்டவர்கள் உண்டு.

1984-ல் மெத்தில் ஆல்கஹால் மீதான வரி குறைக்கப்பட்டது. தொழிற்சாலைகளில் பெயிண்டுக்கும் ரசாயனத்துக்கும் பயன்படுகிற விஷச் சாராயம் அது. சர்க்கரையைவிட மலிவாகக் கிடைத்தது. அவ்வளவுதான், அதைத் தூக்கி ஒயினில் ஊற்றினார்கள்! சாதாரணக் கருவியில் பார்த்தால் டிகிரி ஏறியிருப்பது மட்டும் தெரியும். ஏற்றியது எந்தச் சாராயம் என்று தெரியாது.

வேட்டை

மிலான் நகரில் முதல் சாவுகள் விழுந்தன. கலப்படத்தைப் பிடிப்பதற்கென்றே 1962-ல் ஏற்படுத்தப்பட்ட தனிப் போலீஸ் பிரிவு களத்தில் இறங்கியது. பாட்டில் லேபிளில் ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனிக்கு மொத்தமாக ஒயின் சப்ளை செய்தது இன்னொருவர். இப்படியே நூல் பிடித்துப் போனதில், பீட்மான்டில் நார்சோலே என்ற சின்ன ஊரில் தந்தையும் மகனும் நடத்திய ஒயின் கம்பெனியில் போய் நின்றது.

இருவரும் கைதானார்கள். வழக்கு வருஷக்கணக்கில் நடந்து, சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

அதற்குள் வெளிநாடுகள் உஷாராகிவிட்டன. பிரான்சிலும் மேற்கு ஜெர்மனியிலும் இத்தாலி ஒயினை மடக்கிச் சோதித்தார்கள். பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் ஏற்றுமதி கிடையாது என்று இத்தாலி அரசு உத்தரவு போட்டது. ஒரு தப்பும் செய்யாத திராட்சை விவசாயிகளும் இதில் அடி வாங்கினார்கள்.

கண்ணைப் பறிப்பது எப்படி?

மெத்தில் ஆல்கஹாலை வாசனையிலோ ருசியிலோ கண்டுபிடிக்க முடியாது. குடித்ததும் வழக்கமான போதை மாதிரியே இருக்கும். கல்லீரல் அதைப் பார்மிக் அமிலமாக மாற்றும்போதுதான் வினை ஆரம்பம். பெரும்பாலும் அரை நாள், ஒரு நாள் கழித்து வாந்தி, வயிற்றுவலி, மூச்சுத் திணறல் வரும். கண் எதிரே பனிமூட்டம் மாதிரி தெரியும். பிறகு ஒரேயடியாக இருட்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதும் இதே மெத்தனால்தான்.

சிகிச்சைதான் வேடிக்கை. டாக்டர்கள் கொடுக்கிற மாற்று மருந்துகளில் ஒன்று நல்ல சாராயம்! கல்லீரல் முதலில் அதைக் கவனிக்கப் போய்விடும். அதற்குள் டயாலிசிஸ் செய்து விஷத்தை வெளியேற்றலாம். ஆனால் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கவேண்டும்.

கொதித்தால் போய்விடுமா?

"சமைச்சா சாராயமெல்லாம் ஆவியாப் போயிடும்" என்று நல்ல ஒயினைப் பற்றிச் சொல்லுவார்கள். பாதிதான் உண்மை. 1992-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் சமைத்த பண்டங்களை அளந்து பார்த்தார்கள்.

மதுவை ஊற்றிக் குப்பென்று தீ வைத்து அணைக்கிற பண்டத்தில் சாராயம் 75 சதவீதம் அப்படியே இருந்தது. கால் மணி நேரம் கொதித்தால் மிச்சம் 40 சதவீதம். ஒரு மணி நேரத்தில் 25. இரண்டரை மணி நேரம் ஆன பிறகும் 5 சதவீதம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. பீட்மான்ட் கறிக்கும் ரிசோட்டோவுக்கும் வித்தியாசம் இங்கேதான். முன்னது மணிக்கணக்கில் வேகிறது, பின்னது இருபது நிமிஷத்தில் இறங்கிவிடுகிறது.

குடியை நிறுத்த "டைசல்பிராம்" மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது விளையாட்டு அல்ல. சாப்பாட்டில் ஒளிந்திருக்கும் கொஞ்சம் சாராயமே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுக்க வைக்கலாம். பெரிய ஓட்டல்களில் ஒயின் ஊற்றிய பண்டம் என்றால், எவ்வளவு நேரம் வெந்தது என்று சர்வரிடம் கேட்டுவிடுவது அவர்களுக்கு நல்லது.

பெயர் கெட்டுப்போன பார்பேரா எழுந்து நிற்க வருஷங்கள் ஆயின. நல்ல விவசாயிகள் மகசூலைக் குறைத்து, தரத்தைக் கூட்டினார்கள். 2008-ல் அஸ்தி வட்டாரத்து பார்பேராவுக்கு இத்தாலியின் மிக உயர்ந்த தர முத்திரை கிடைத்தது. அதில் சில பாட்டில்கள் இப்போது பாரோலோவின் விலையைத் தொடுகின்றன. அதைக் கறியில் ஊற்றப் பீட்மான்ட் குமாஸ்தாவுக்கும் மனசு வராது.