வாரம் ஒரு முகம்

முள்ளிப்பட்டில் ஒரு பட்டு நெசவாளரின் வீட்டுக் கூடத்தில், தறிக்கு எதிரே உள்ள சன்னலின் கீழ், சிமெண்டுத் தரையில் சிவப்புப் பெயிண்டால் போட்ட இரண்டு கோடுகள் உள்ளன. ஒன்று நாற்காலி வைப்பதற்கு. மற்றொன்று படம் எடுப்பவர் நிற்பதற்கு. ஓராண்டு முழுவதும் ஞாயிறுதோறும் காலை எட்டு மணிக்கு அவ்வீட்டுத் தலைவர் அந்த நாற்காலியில் அமர்ந்தார். அவருடைய மகள் கைப்பேசியில் படம் எடுத்தார். அவர்களுடைய இசைவோடு, பெயர்களைத் தவிர்த்து, அந்த ஓராண்டைப் பற்றி இங்கே எழுதுகிறோம்.

அவர் எங்களிடம் வந்தது தீபாவளிக்கு முந்தைய மாதத்தில். தறிக்கு ஓய்வே கிடைக்காத பருவம் அது. காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது கடைவாய் வழியே வழிந்தது. இடது கண் மூடவில்லை. நெற்றியின் இடப்பக்கம் சுருங்கவில்லை. வீட்டார் அன்றைக்கே அழைத்து வந்துவிட்டனர். பக்கவாதம் அல்ல என்பதை முதலில் உறுதிசெய்துகொண்ட மருத்துவர்கள், முகநரம்பு செயலிழந்ததால் வரும் முகவாதம் என்று கண்டனர். இந்நோய்க்கு ஸ்டீராய்டு மாத்திரைகளை மூன்று நாளுக்குள் தொடங்குவது முக்கியம், தொடங்கினோம். மூடாத கண் உலர்ந்து புண்ணாகாமல் இருக்கப் பகலில் சொட்டு மருந்தும் இரவில் மறைப்பும் தரப்பட்டன. (முகம் திடீரெனக் கோணினால் எந்த நோய் என்று வீட்டில் ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். உடனே 108ஐ அழையுங்கள்.)

சிக்கல் இயன்முறை சிகிச்சையில் தொடங்கியது. முகப் பயிற்சிகளைக் கண்ணாடி முன் அமர்ந்து செய்ய வேண்டும். அவரோ கண்ணாடியைப் பார்க்க மறுத்தார். "தெருவுல நாலு பேர் பாக்கறது போதாதா, நானும் பாக்கணுமா?" என்றார். நூலறுந்தால் கண்டுபிடித்துவிடும் கண்கள் தம் முகத்தைக் காண மட்டும் அஞ்சின. எங்கள் இயன்முறை மருத்துவர் அவரை வற்புறுத்தவில்லை. மாறாக, வாரம் ஒருமுறை வீட்டிலேயே படம் எடுத்து அனுப்பும்படி மகளிடம் கேட்டுக்கொண்டார். இயல்பாக இருக்கையில் ஒன்று, புருவத்தை உயர்த்தி ஒன்று, கண்களை இறுக மூடி ஒன்று, பல் தெரிய ஒன்று என நான்கு படங்கள். "நீங்க பாத்துக்குங்க, எனக்குக் காட்டாதீங்க" என்ற நிபந்தனையுடன் அவர் ஒப்புக்கொண்டார். ஐந்தாவதாக, அப்பா தாம் விரும்பியபடி அமர்ந்திருக்கும் ஒரு படத்தை மகள் தம் விருப்பத்தால் சேர்த்துக்கொண்டார். மருத்துவக் கோப்புக்கு அது தேவையே இல்லை. ஆனால் இக்கட்டுரை அந்த ஐந்தாவது படத்தைப் பற்றியது.

முதல் ஞாயிறன்றே தடை வந்தது. நாற்காலியையும் கைப்பேசியையும் கண்ட அவருடைய தாயார், "எதுக்கு, மாலை போடறதுக்கா?" என்று கேட்டாராம். மகள் இதை எங்களிடம் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது. நம் ஊர்களில் எத்தனையோ முதியவர்களுக்கு வாழ்நாளில் எடுத்த படம் என்று குடும்ப அட்டைக்கோ வாக்காளர் அட்டைக்கோ எடுத்ததுதான் இருக்கும். அதையே பெரிதாக்கிக் கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் அச்சிடுவார்கள். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிப் பொட்டு வைப்பார்கள். சுவரில் தொங்கும் தனிப்படம் என்றாலே அது இல்லாதவருடையது. அந்த ஆயாவின் கேள்வி மூடநம்பிக்கையன்று. வாழ்ந்து கண்டறிந்த வழக்கம். நோயாளியைப் படம் எடுக்க விரும்பும் எந்தக் குடும்பமும் இக்கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிட வேண்டும். பேத்தி சொன்ன விடை எளியது: "ஒண்ணு எடுத்தா மாலைக்கு, ஆயா. ஐம்பத்திரண்டு எடுத்தா எதுக்கு மாலை?"

ஓராண்டுக் காலம் விடாது படம் எடுப்பது நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. 2014–15இல் புகைப்படக் கலைஞர் அபுல் கலாம் ஆசாத் முன்னின்று நடத்திய 'புராஜெக்ட் 365' என்னும் முயற்சியில், கலைஞர்கள் பலர் கூடித் திருவண்ணாமலை நகரத்தையும் அதன் மக்களையும் ஓராண்டு முழுவதும் பதிவு செய்தனர். அமெரிக்கரான நிக்கோலஸ் நிக்சன் 1975 முதல் ஆண்டுக்கு ஒன்றாகத் தம் மனைவியையும் அவருடைய சகோதரியர் மூவரையும் ஒன்றாக நிறுத்தி எடுத்த படங்களை, 2014இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் நாற்பதாண்டு வரிசையாகக் காட்சிக்கு வைத்தது. நோயோடு நெருங்கிய சான்று ஜேமி லிவிங்ஸ்டனுடையது. அவர் 1979 மார்ச் 31 முதல் நாளுக்கு ஒரு போலராய்டு படம் எடுத்தார். பின்னாளில் புற்றுநோய் வந்தது. மருத்துவமனை நாள்களும் வரிசையில் சேர்ந்தன. கடைசிப் படத்தின் தேதி 1997 அக்டோபர் 25. அது அவர் பிறந்த நாள். இறந்த நாளும் அதுவே.

மெல்ல நிகழும் மாற்றத்தை உடன் வாழ்பவர்கள் காண்பதில்லை. நெசவாளர்க்கு இது புரியும்: நெய்த துணி முன்னாலுள்ள மரத்தில் சுற்றிக்கொண்டே போகும், கண்முன் இருப்பது ஒரு முழந்தான். மருத்துவர்களும் இதை அறிவார்கள். பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி தோன்றி வளர்ச்சி ஹார்மோன் மிகுவதால் மூக்கும் தாடையும் கைகால்களும் பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகப் பெருக்கும் அக்ரோமெகலி என்னும் நோயில், பழைய திருமண ஆல்பத்தைக் கொண்டு வரச்சொல்லி ஒப்பிடுவது உண்டு. வீட்டார் எவருக்கும் தெரியாதது பழைய படத்துக்குத் தெரிந்திருக்கும்.

முள்ளிப்பட்டுப் படங்களுக்கு வருவோம். முகவாதம் வந்தவர்களில் பெரும்பாலோர்க்கு முதல் மூன்று வாரத்துக்குள் ஏதேனும் ஓர் அசைவு திரும்பத் தொடங்கும். பத்தில் ஏழு பேர் சிகிச்சையின்றியே முழுமையாகக் குணமடைவர் என்பது மருத்துவ அனுபவம். இவருக்கு மூன்றாம் வாரமும் ஒன்றுமில்லை. ஆறாம் வாரமும் ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அதே ஐந்து படங்கள் வந்துகொண்டிருந்தன. அந்த வாரங்களில் எங்களுக்கே அவற்றைத் திறந்து பார்க்கத் தயக்கமாக இருந்ததை மறைப்பதற்கில்லை. ஒன்பதாம் வாரம், இறுக மூடிய படத்தில் இடது கண்ணின் வெண்மை சற்றே குறைந்திருந்தது. அதைக் கண்டது எங்கள் மருத்துவர் அல்லர். ஆரணிக் கடையில் முந்தைய வாரத்துப் படங்களோடு சேர்த்து அச்சிட்டு, அடுக்கிப் பார்த்த மகள்.

அன்று மாலை அந்த அச்சுப் படங்களை அவர் தறி மேடையில் வைத்துவிட்டுப் போனார். அப்பாவிடம் பாருங்கள் என்று சொல்லவில்லை. இரவு சாப்பாட்டுக்குப் பின் அவரே எடுத்துப் பார்த்திருக்கிறார். மறுநாள் முதல் கண்ணாடி முன் அமர்ந்தார்.

ஏழாம் மாதத்தில் அவர் எங்களைத் திகைக்க வைத்தார். அந்த மாதப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, "பல்லு தெரிய சிரிக்கும்போது இந்தக் கண்ணு தானா சுருங்குது பாருங்க, ஒரு இழை தப்பிப் போயிருக்கு" என்றார். உண்மைதான். மீண்டும் வளரும் நரம்பிழைகள் வழி மாறிச் சென்று, வாய் அசையும்போது கண்ணும் சேர்ந்து அசையும் நிலை இந்நோய்க்குப் பின் சிலருக்கு வரும். வலிந்து செய்யும் பயிற்சிகள் அதைக் கூட்டக்கூடும். உடனே அவருடைய பயிற்சிகளைக் குறைத்து, மிக மெதுவான சிறு அசைவுகளாக மாற்றினோம். முகம் முழுவதும் பழையபடி திரும்பவில்லை. சிரிக்கும்போது இடது கண் இன்றும் சற்றுச் சுருங்குகிறது. அவர் சிரிப்பதை நிறுத்தவில்லை.

இத்தகைய வரிசையைத் தொடங்க விரும்புவோர்க்குச் சில செய்திகள். கைப்பேசி போதும். அதில் முகத்தை மெருகேற்றும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அது சுருக்கத்தோடு நோயின் அடையாளத்தையும் அழித்துவிடும். முன்பக்கக் கேமராவைத் தவிருங்கள்: சில கைப்பேசிகளில் அது இடத்தை வலமாக்கிக் காட்டும், இப்படிப்பட்ட ஒரு படத்தால் எங்கள் பிரிவில் ஒருமுறை குழப்பம் நேர்ந்தது. மிக நெருங்கி எடுத்தால் மூக்கு பெரிதாகும். நான்கடி தள்ளி நில்லுங்கள். இரவு விளக்கில் எல்லா முகமும் மஞ்சளாகத்தான் தெரியும். மஞ்சள் காமாலையைப் படத்தில் தேடாதீர்கள். ஒரே சன்னல், ஒரே நேரம், ஒரே தூரம் என்பதே அடிப்படை. ஒரு வாரம் விட்டுப்போனால் விட்டுப்போகட்டும். அந்த நெசவாளர் வீட்டிலும் ஒரு திருமணத்தாலும் ஒரு கோபத்தாலும் இரண்டு ஞாயிறுகள் விட்டுப்போயின. பின்னர் இரண்டு வாரம் கூட்டி ஐம்பத்திரண்டை நிறைவு செய்தனர்.

படம் நோயாளிக்கு உரியது. அவர் வேண்டாம் என்றால் அன்று வேண்டாம். குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போடுவதற்கும் அவரையே கேட்க வேண்டும். தேறும் வாய்ப்பு குறைந்த நோயில் இது இன்னும் கடினமான முடிவு. எங்களிடம் வலி தணிப்புச் சிகிச்சை பெற்ற ஒரு மூதாட்டியை அவருடைய பேரன் வாரந்தோறும் படம் எடுத்துவந்தான். பதினேழாம் வாரம் அவர் கையை உயர்த்தி முகத்தை மறைத்தார். பேரன் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தான். அதன்பின் எடுக்கவில்லை. அவர் மறைந்தபின் அவ்வீட்டுச் சுவருக்கு எந்தப் படம் என்ற பேச்சு வந்தபோது, நான்காம் வாரத்தில் வெற்றிலைப் பெட்டியோடு அவர் சண்டைக்கு நிற்பதுபோல் பார்க்கும் படத்தை அவன் தேர்ந்தெடுத்தான்.

முள்ளிப்பட்டு ஆயாவின் செய்தி ஒன்று பாக்கி. நாற்பதாம் வாரத்துக்குப் பிறகு ஒரு ஞாயிறன்று, மகன் எழுந்ததும் அவர் அந்த நாற்காலியில் வந்து அமர்ந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "தறியும் தெரியற மாதிரி எடு" என்றாராம். இப்போது அவருடைய வரிசை நடந்துகொண்டிருக்கிறது.