சிவப்பணுவின் தற்காப்பு

இரும்புச் சத்துக் குறைவால் தோன்றும் இரத்தச் சோகையில் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறுகின்றன. இச்சிறுமை நலிவின் அடையாளம் மட்டுமன்று, தற்காப்பின் அடையாளமுமாகும்.

ஹீமோகுளோபின் என்பது, இரும்பைக் கொண்ட ஹீமும் குளோபின் என்னும் புரதமும் சேர்ந்த பொருள். வளரும் சிவப்பணுவில் ஹீம் குறைந்தவுடன், அதுகாறும் அடங்கியிருந்த ஒரு நொதி செயற்படத் தொடங்கிப் புரத உற்பத்தியின் முதற்படியையே தடுக்கிறது.

2001ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், இந்நொதியற்ற சுண்டெலிகளுக்கு இரும்பு குறைந்த உணவு அளிக்கப்பட்டது. ஹீமின் துணையற்ற குளோபின் அணுக்களுள் திரண்டு படிந்தது, அணுக்கள் மடிந்தன.

இரும்பு மீண்டும் கிடைத்ததும் புதிய அணுக்களில் இத்தடை நீங்குகிறது. எனினும், சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்களாதலின், நல்லணுக்கள் பழையனவற்றின் இடத்தை நிரப்பப் பல வாரங்கள் செல்லும். இரும்புச் சத்து மாத்திரையைச் சில நாட்களில் நிறுத்திவிடலாகாது என்பதை மாணவர்க்கும் தாய்மார்க்கும் எடுத்துரைத்தல் நலம்.