ஆற்றை அளக்க ஆள் தேவை

2020 செப்டம்பர் தொடக்கத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நீர்க் கணக்குகளுக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை. ரவாங் அருகே சுங்கை கோங்கில் கலந்த கழிவு சுங்கை சிலாங்கூரை எட்டியதால் நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. வாளியும் கையுமாகத் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும்.

அதுபோன்ற நேரத்தில் நிலையத்தை மூடுவதா, திறப்பதா என்று முடிவு செய்யப் பார்க்கப்படும் அளவுகளுள் ஒன்று மனித மூக்கால் எடுக்கப்படுகிறது. ஆற்றுநீரை வாடையே இல்லாத தூய நீரில் வெவ்வேறு அளவில் கலந்து, குடுவை குடுவையாக வைப்பார்கள். பயிற்சி பெற்ற சிலர் ஒவ்வொன்றாக முகர்வார்கள். மொத்தம் 200 மில்லிலிட்டரில் ஆற்றுநீர் 50 மில்லிலிட்டர் இருக்கும்போதுதான் வாடை முதலில் பிடிபடுகிறது என்றால், வாடை எண் 4. முகர்பவர் அன்று வாசனைத் திரவியம் பூசியிருக்கக் கூடாது. சற்று முன்பு சாப்பிட்டிருக்கவும் கூடாது.

வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் சில ரசாயனங்களை மூக்கு மிகச் சிறிய அளவிலேயே பிடித்துவிடும். அது இன்ன பொருள் என்று ஆய்வுக்கூடம் பெயர் சொல்வதற்குக் கூடுதல் நேரம் ஆகும். அதற்குள் அந்த நீர் உள்ளே புகுந்துவிட்டால் நிலையத்தோடு குழாய்களையும் கழுவ வேண்டிவரும்.

இப்படி முகர்ந்தும் அளந்தும் ஓர் எண்ணைச் சொல்பவர்களின் துறைதான் நீர்த்தர அறிவியல். அதன் உடன்பிறப்பு நீரியல். நீரில் என்ன இருக்கிறது என்று ஒன்று கேட்கும். எவ்வளவு நீர், எப்போது வரும் என்று மற்றொன்று கேட்கும். நான் சுற்றுச்சூழல் அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. "தண்ணியில டிகிரியா?" என்று சிரித்த உறவினர்கள் எனக்கும் உண்டு.

முதலில் நீரியலைப் பார்ப்போம். தீபகற்ப மலேசியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. வடிகால் நீர்ப்பாசன இலாகா, அதாவது ஜேபிஎஸ், நாடு முழுவதும் ஆற்று மட்டத்தையும் மழையளவையும் தானியங்கிக் கருவிகளால் கண்காணிக்கிறது. 'பப்ளிக் இன்ஃபோபஞ்சிர்' அகப்பக்கத்தில் யாரும் அவற்றைப் பார்க்கலாம்.

ஆனால் அந்தக் கருவி சொல்வது ஆற்றின் உயரத்தை மட்டும். ஒரு விநாடிக்கு எத்தனை கன மீட்டர் ஓடுகிறது என்பது வேறு கணக்கு. அதற்கு ஒருவர் பாலத்தின் மீதோ படகிலோ நின்று, ஆற்றின் குறுக்கே பல இடங்களில் ஆழத்தையும் வேகத்தையும் அளக்க வேண்டும். வெவ்வேறு மட்டங்களில் இப்படி அளந்து ஒரு வளைகோடு வரைந்துகொண்டால், அதன்பிறகு மட்டத்தைப் பார்த்தே ஓட்டத்தைச் சொல்லலாம். சிக்கல் என்னவென்றால், பெருவெள்ளம் வந்தால் ஆற்றின் அடித்தளமே மாறிவிடும். பழைய வளைகோடு பொய் சொல்லத் தொடங்கும். மிகவும் தேவையான அளவீடு, யாரும் வெளியே போக விரும்பாத நாளில்தான் எடுக்கப்பட வேண்டியிருக்கிறது. இந்த வேலையைப் பற்றி எனக்குப் பிடித்ததும் பயமூட்டுவதும் இதுவே.

2021 டிசம்பர் பெருவெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமீது ஏறி நின்றார்கள். நாடு முழுவதும் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அப்போது 'நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழை' என்ற சொல் பலர் வாயிலும் அடிபட்டது. ஒருமுறை வந்துவிட்டால் இனி நூறாண்டுக்குக் கவலையில்லை என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் அதன் பொருள், ஒவ்வோர் ஆண்டும் அப்படிப்பட்ட மழை வரும் வாய்ப்பு 1 விழுக்காடு என்பதுதான். 30 ஆண்டு வீட்டுக் கடன் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். 0.99-ஐ 30 முறை பெருக்கி, 1-லிருந்து கழித்துப் பாருங்கள்: கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது அந்த மழையைச் சந்திக்கும் வாய்ப்பு 26 விழுக்காடு. ஐந்தாம் படிவக் கணிதமே போதும். அதுவும் பழைய மழைப் பதிவுகள் சரியாக இருந்தால்தான். பருவநிலை மாறிவரும்போது அந்த 1 விழுக்காட்டையே திரும்பக் கணக்கிட வேண்டியிருக்கிறது.

இனி நீர்த்தரம். மலேசிய ஆறுகளின் தரத்தைச் சுற்றுச்சூழல் இலாகா ஒரு குறியீட்டால் சொல்கிறது. கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (பிஓடி), வேதி ஆக்சிஜன் தேவை, அமோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள், பிஎச் என ஆறு அளவுகள் சேர்ந்து 100-க்கு ஒரு மதிப்பெண். 81-க்கு மேல் தூய்மை. 60-க்குக் கீழே மாசு.

கரைந்த ஆக்சிஜனை அளக்கும் பழைய முறையை எங்களுக்கு முதலாண்டிலேயே கற்றுத் தந்தார்கள். காற்றுக்குமிழ் ஒன்றுகூட இல்லாமல் குப்பியை நிரப்பி, இரண்டு ரசாயனக் கரைசல்களைச் சேர்க்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் வீழ்படிவு உண்டாகும். ஓடை நீரில் அழகான பழுப்பு வந்தது. அடுத்து, கடைவரிசைக்குப் பின்னால் ஓடிய சாக்கடையில் எடுத்த குப்பி வெள்ளையாகவே நின்றது. அந்த நீரில் மீன் மூச்சுவிட ஒன்றுமே இல்லை. எண்ணைக் கணக்கிடுவதற்கு முன்பே எங்கள் குழுவில் பேச்சு நின்றுபோனது.

பிஓடி நம் சமூகத்தின் கதையோடும் சேர்ந்தது. நம்மில் பலரின் தாத்தா பாட்டி தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்கள். செம்பனை ஆலையிலிருந்து வரும் சுத்திகரிக்காத கழிவுநீரின் பிஓடி, லிட்டருக்கு ஏறக்குறைய 25,000 மில்லிகிராம். வீட்டுக் கழிவுநீரைவிட இது கிட்டத்தட்ட நூறு மடங்கு. 1977-இல் வந்த விதிமுறைகள் இதைப் படிப்படியாக 100 மில்லிகிராமுக்குக் கொண்டுவரச் சொல்லின. ஆலைக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் குளங்கள் அதற்காகத்தான். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அங்கே கழிவைத் தின்று எரிவாயுவாக மாற்றுகின்றன. சில ஆலைகள் அதை எரித்து மின்சாரமும் எடுக்கின்றன. இந்தக் குளங்களைப் பராமரிப்பதற்கென்றே, பாங்கியில் உள்ள சுற்றுச்சூழல் இலாகாவின் பயிற்சிக் கழகமான எய்மாஸ் தனிச் சான்றிதழ் வழங்குகிறது. தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளைகள், அதே ஆலையின் ஆய்வுக்கூடத்துக்கு அறிவியலாளராகத் திரும்பிப் போக முடியும்.

ஒன்றைக் கவனித்தீர்களா? சுங்கை கோங்கில் வாடை எழுப்பிய ரசாயனம் அந்த ஆறு அளவுகளில் எதிலும் நேரடியாக அகப்படாது. ஈயம், பாதரசம், கிருமிகளும் அப்படியே. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் சுங்கை கிம் கிம்மில் ரசாயனக் கழிவு கொட்டப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அங்கே முதல் கேள்வியே 'என்ன கலந்திருக்கிறது' என்பதுதான். குறியீடு 'தூய்மை' என்று சொன்னாலும் 'வேறு எதைத் தேடவில்லை?' என்று கேட்கத் தெரிந்தவர்தான் இந்தத் துறைக்கு வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொன்று, நேர்மை. மாசுபடுத்தியவர்மீது 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தால், ஆதாரம் அந்தக் குப்பிதான். எங்கே, எத்தனை மணிக்கு, யார் எடுத்தார், பனிக்கட்டியில் வைத்தாரா, முத்திரையிட்டாரா, யாரிடம் கொடுத்தார் என்று ஒவ்வொன்றும் பதிவாக வேண்டும். ஒரு கண்ணி அறுந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அங்கேயே பிடித்துக்கொள்வார்.

சரி, எப்படிப் படிப்பது? எஸ்பிஎம்மில் வேதியியல், இயற்பியல், கூடுதல் கணிதம் இருந்தால் கதவுகள் திறந்திருக்கும். பிறகு எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் அல்லது டிப்ளோமா. யூபியூ விண்ணப்பத்தில் 'நீரியல்' என்று மட்டும் தேடி ஏமாந்துவிடாதீர்கள். சிவில் பொறியியல், சுற்றுச்சூழல் பொறியியல், சுற்றுச்சூழல் அறிவியல், வேதியியல், புவியியல் என்ற பெயர்களுக்குள் அது ஒளிந்திருக்கிறது. வெள்ளத்தணிப்பு, அணை, வடிகால் வடிவமைப்பு பிடிக்குமென்றால் பொறியியல் பக்கம் போங்கள். யூஎஸ்எம்மின் நிபோங் திபால் வளாகத்தில் ஆற்றுப் பொறியியலுக்கென்றே ரெடாக் மையம் இருக்கிறது. ஆய்வுக்கூடம் பிடிக்குமென்றால் வேதியியல். இங்கே வேதியியலாளராகத் தொழில் புரிய, 1975 வேதியியலாளர் சட்டப்படி மலேசிய வேதியியல் கழகத்தில் பதிந்துகொள்ள வேண்டும்.

வேலை தரும் இடங்கள்: ஜேபிஎஸ், சுற்றுச்சூழல் இலாகா, ஸ்ரீ கெம்பாங்கானில் உள்ள தேசிய நீர் ஆய்வுக் கழகமான நாஹ்ரிம், மாநில நீர் நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள், தனியார் ஆய்வுக்கூடங்கள். கடல் தாண்டாமலே போகக்கூடிய இன்னோர் இடம் சிங்கப்பூர். 1962 ஒப்பந்தப்படி 2061 வரை ஜோகூர் ஆற்றிலிருந்து நாள்தோறும் 250 மில்லியன் கேலன் வரை எடுக்கும் உரிமை அதற்குண்டு. கழிவுநீரைத் திரும்பத் தூய்மையாக்கும் நியூவாட்டரும் 2003 முதல் அங்கே உற்பத்தியாகிறது. ஜோகூர் ஆற்றில் ஓட்டம் குறைந்தால் கடலின் உப்பு மேலேறி வரும். லிங்யூ அணையிலிருந்து நீர் திறந்து அதைத் தள்ளுகிறார்கள். எவ்வளவு நீர் என்ற கேள்வியும் அதில் என்ன இருக்கிறது என்ற கேள்வியும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.

குறையையும் சொல்லிவிடுகிறேன். அரசாங்கப் பணியிடங்கள் எண்ணி எடுக்கக்கூடியவை. முதல் வேலை ஒப்பந்த அடிப்படையில் அமையலாம். வெயில், சேறு, அட்டை மூன்றும் உண்டு. சீனியர்களில் சிலர் மாதிரி எடுத்து எடுத்துச் சலித்து, கணினி முன் உட்காரும் வேலைக்கு மாறியிருக்கிறார்கள். அங்கேயும் நீரியல் இருக்கிறது: வெள்ளம் எங்கே பரவும் என்று கணிக்கும் ஹெக்-ராஸ், வரைபடம் தயாரிக்கும் கியூஜிஐஎஸ் இரண்டுமே இலவச மென்பொருள்கள். பள்ளி விடுமுறையில் இறக்கிப் பழகலாம்.

பல்கலைக்கழகத் திறந்தவெளி நாளுக்குப் போனால் கட்டணம், வேலைவாய்ப்பு விழுக்காடு எல்லாவற்றையும் கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: மூன்று நான்கு ஆண்டுகளில் எத்தனை முறை எங்களை ஆற்றுக்கு அழைத்துப் போவீர்கள்?