மூன்றாவது தட்டுக்கு ஐந்து டொலர்

பெரகல சந்தியில் பஸ் நிற்கிற கொஞ்ச நேரத்தில் என் கடைக்குள் நுழைகிறவர்கள் முதலில் என்ன கறி என்று கேட்பார்கள். தட்டு வந்து, சுவரில் தொங்கும் கப்பல் படம் கண்ணில் பட்டதும் அடுத்த கேள்வி வரும்: “அண்ணே, அந்தக் கப்பல்ல எவ்வளவு வேணும்னாலும் திங்கலாமாமே?”

2023 ஜூனுக்குப் பிறகு இந்தக் கேள்வி கூடிவிட்டது. அந்த மாதம் 5ஆம் திகதி சென்னையிலிருந்து ஓடத் தொடங்கிய கோர்டீலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’ உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்களைத் தன் பயணங்களில் தொட்டுப் போனது. எங்கள் மலையில் வானம் வெளித்திருந்தால் தெற்கே அடிவானத்தில் கடல் தெரியும். இரவில் அம்பாந்தோட்டைப் பக்கத்து விளக்குகள் மினுங்கும். அந்தக் கப்பலையே இங்கிருந்து பார்த்ததாகச் சத்தியம் பண்ணுகிற ஆட்களும் சந்தியில் இருக்கிறார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை, வியாபாரம் நடக்க வேண்டும்.

எம்பிரஸ் புதுக் கப்பல் இல்லை. 1990இல் ‘நோர்டிக் எம்பிரஸ்’ என்ற பெயரில் றோயல் கரீபியன் கம்பனிக்காக ஓடத் தொடங்கியது. நான் வேலை செய்தது வேறு கப்பல்களில், வேறு கடல்களில். சாப்பாட்டு மண்டபத்தில் உதவி வெயிட்டராகச் சேர்ந்து, பிறகு வெயிட்டரானேன். தோட்டத்து லயத்துப் பையனுக்கு அது பெரிய உத்தியோகம்தான்.

கேள்விக்கு என் பதில்: திங்கலாம். ஆனால் கப்பலில் எல்லாவற்றுக்கும் ஓர் அளவு இருக்கிறது, அது தட்டில் எழுதியிருக்காது.

டிக்கட் காசிலேயே சாப்பாடும் அடக்கம். பெரிய மண்டபத்தில் உட்கார்ந்தால் மெனுவைப் பார்த்துச் சொல்லலாம்: முதலில் சூப்போ சலாதோ, பிறகு இறைச்சியோ மீனோ, கடைசியில் இனிப்பு. மேல்தளத்தில் பஃபே இருக்கும், நாமே அள்ளிக்கொள்வது. இவை போக, தனிக் காசு கொடுத்துச் சாப்பிடும் சின்ன ரெஸ்டூரன்டுகள் உண்டு. மண்டபத்தில் ஒரு வெயிட்டருக்கும் அவருடைய உதவியாளுக்கும் இருபது முப்பது விருந்தினர்கள். மூடி போட்ட தட்டுகளைப் பத்துப் பன்னிரண்டாக அடுக்கிய நீள்வட்டத் தாம்பாளத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு குசினியிலிருந்து மேசைக்கு நடக்க வேண்டும், கப்பல் ஆடினாலும்.

அந்த மூடியைத் திறந்தால் புதிதாக வந்தவர்களின் முகம் சுருங்கும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு மீன், ஒரு கரண்டி உருளைக்கிழங்கு மசியல், மூன்று தண்டு அஸ்பராகஸ். “இவ்வளவுதானா?” என்பார்கள். வேண்டுமென்றேதான் அப்படி. இன்னொன்று கேட்கலாம் என்று இருக்கும்போது முதல் தட்டைப் பெரிதாக வைத்தால் பாதி குப்பைக்குப் போகும். சின்னதாக வைத்தால் பசிக்கிறவர் மட்டும் திரும்பக் கேட்பார். கேட்க வெட்கப்படுகிறவர் கேட்கமாட்டார். கம்பனி கணக்குப் பார்ப்பது இந்த வெட்கத்தையும் சேர்த்துத்தான்.

எங்கள் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்கும் இதே கணக்கு. சோறு போடுவேன், பருப்பு ஊற்றுவேன், சம்பல் வைப்பேன், கேட்டால் இன்னொரு தடவையும் போடுவேன். கோழித் துண்டு மட்டும் எண்ணிக்கை. எது மலிவோ அதில் தாராளம், எது விலையோ அதில் கணக்கு. கப்பலில் பாண், பாஸ்தா, ஐஸ்கிரீம் எல்லாம் என் கடைச் சோறு. சிங்க இறால்தான் கோழித் துண்டு.

சிங்க இறால் இரவு என்று ஒன்று உண்டு. எல்லோரும் கோட்டு சூட்டு போட்டு வருவார்கள். குசினியில் இறால் வால்களைத் தட்டுத் தட்டாக அடுக்கி, வெண்ணெய் தடவி, அடுப்பிலிருந்து எடுத்த வேகத்தில் எங்கள் கைக்குத் தள்ளுவார்கள். ஒருவர் ஐந்து வால் சாப்பிடுவார், பக்கத்தில் இருப்பவர் ஒன்றைக் கிளறிவிட்டுப் படம் எடுத்துக்கொள்வார். அந்த இரவில் ஓட்டைச் சுரண்டி வாளியில் போடுகிற வேலை உதவி வெயிட்டருடையது. வெண்ணெயும் கடலும் கலந்த வாசனை இரண்டு நாளைக்குச் சட்டையை விட்டுப் போகாது.

கோவிட் முடிந்து கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கிய பிறகு இந்தத் தாராளத்துக்குக் கடிவாளம் விழுந்தது. கார்னிவல் கப்பல்களின் மண்டபத்தில் முதன்மைத் தட்டு இரண்டு வரைக்கும் டிக்கட்டில் அடக்கம். மூன்றாவதிலிருந்து தட்டுக்கு 5 டொலர் என்று மெனுவிலேயே போட்டார்கள். றோயல் கரீபியனில் சிங்க இறால் இரவில் முதல் வால் சும்மா, அடுத்ததற்குக் காசு. அமெரிக்கப் பயணிகள் கொதித்துப் போனார்கள். எனக்கு அந்தக் கோபம் விளங்கவே இல்லை. இரண்டு தட்டு முழுசாகச் சாப்பிட்டவருக்கு மூன்றாவது எதற்கு?

ஒருவேளை நான் பிறந்த இடம் அப்படிப் பேச வைக்கிறதோ என்னவோ. தோட்டத்தில் எங்கள் ஆட்களுக்கு அரிசியே அளவில்தான் வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டமே அரிசி கொடுத்துச் சம்பளத்தில் கழித்தது. 1927இன் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் கூலியோடு சேர்த்து அரிசியின் விலைக்கும் கட்டுப்பாடு வைத்தது. இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மா விழுந்து அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது பங்கீடு வந்தது. அரிசிக்குப் பதில் கோதுமை மா வந்தது. இன்றைக்கு மலையகத்தின் அடையாளம் என்கிற ரொட்டி லயத்து அடுப்பில் நிலைத்தது இந்த மாவால்தான்.

பிறகு நாடு முழுவதற்கும் கூப்பன் அரிசி. ஒரு கொத்து என்பது இரண்டு றாத்தல். 1953இல் அதன் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியதற்குத்தான் ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்து, டட்லி சேனாநாயக்க பிரதமர் பதவியை விட்டார். மறுபடி பிரதமரான பிறகு, 1966இல் அவரே வாரத்துக்கு இரண்டு கொத்தை ஒன்றாக்கினார். 1970 தேர்தலில் இரண்டாவது கொத்தைத் திருப்பித் தருவோம் என்று சொல்லி சிறிமாவோ வென்றார். 1973இல் உலகச் சந்தையில் அரிசியும் மாவும் எட்டாத விலைக்குப் போக, வாரத்தில் இரண்டு நாள் ஹோட்டலில் சோறு விற்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. தோட்டங்களில் அந்தக் காலத்தில் சாவு எண்ணிக்கை ஏறியது. 1979இல் கூப்பனே போய் உணவு முத்திரை வந்தது.

என் அம்மாயி அந்தக் காலத்து ஆள். கூப்பன் கடையில் அரிசி அளப்பதைப் பற்றிச் சொல்லும்போது கையை நீட்டிக் காட்டுவார். கொத்தில் அரிசியைக் கொட்டி, விளிம்போடு விரலை இழுத்துத் தலை தட்டுவார்களாம். விரலை நேராக இழுத்தால் ஓர் அளவு, கொஞ்சம் வளைத்து இழுத்தால் ஒரு பிடி குறையும். “கொத்தப் பாக்காத, அளக்கிறவன் வெரலப் பாரு” என்பார்.

கப்பலிலும் நான் விரலைத்தான் பார்த்தேன். மூன்றாவது தட்டுக்கு ஐந்து டொலர் என்று எழுதிவைப்பது நேர் விரல். வளைந்த விரல் வேறு மாதிரி வேலை செய்யும். மெனுவில் அதே பெயர் இருக்கும், இறைச்சி வேறு வெட்டாக இருக்கும். ஆட்டிறைச்சி வாரத்தில் இரண்டு இரவு வந்தது ஓர் இரவாகும். உறைய வைத்து வந்த கேக்கை வெட்டி மேலே இரண்டு சொட்டுச் சாறு விட்டால் இனிப்பு முடிந்தது. நல்ல ஸ்டேக் காணாமல் போகவில்லை, காசு கொடுக்கும் ரெஸ்டூரன்டுக்கு மாறியிருக்கும். பயணிக்கு எதையும் யாரும் சொல்வதில்லை. அவர் வெயிட்டரைப் பார்த்துக் கேட்பார்: “போன தடவை இதைவிட நன்றாக இருந்ததே?” சிரித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றுவதைத் தவிர நாங்கள் என்ன செய்வது. எண்ணிக்கையைக் குறைப்பது நியாயமாக இருக்கலாம், சொல்லாமல் தரத்தைக் குறைப்பது களவு.

ருசி குறைவதை முழுவதுமாகக் கம்பனி தலையில் கட்டவும் முடியாது. 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ‘ஐகன் ஒஃப் த சீஸ்’ கப்பலில் 7,600 பயணிகள் வரை ஏறலாம். அவ்வளவு பேருக்கு ஒரே மாலையில் சமைக்கும்போது ஸ்டேக்கை ஆளுக்கொரு பதத்தில் சுட முடியாது. முன்கூட்டியே பாதி சுட்டு, சூட்டில் வைத்து, ஓடர் வரும்போது முடிப்பார்கள்.

அந்தச் சூட்டுக்கும் சட்டம் உண்டு. அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களில் அந்த நாட்டு நோய்த் தடுப்பு மையத்தின் ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்கு ஏறுவார்கள். நாங்கள் அதை ‘யூஎஸ்பிஎச்’ என்போம். அந்தப் பெயரைக் கேட்டாலே குசினி முழுவதும் வியர்க்கும். சூடான சாப்பாடு 57 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிரானது 5 பாகைக்கு மேலே ஏறக் கூடாது. சூட்டுப் பெட்டியோ குளிர்ப் பெட்டியோ இல்லாமல் வெளியே வைத்ததற்கு நாலு மணி நேரம்தான் ஆயுள், பிறகு தொடாதது என்றாலும் வாளிக்குத்தான். நூறு புள்ளிக்கு 86 எடுத்தால் தேறினோம், 85 என்றால் தோல்வி. வயிற்றோட்டம் பரவிய கப்பலில் பஃபே கரண்டியைப் பயணி தொடவிடாமல் நாங்களே பரிமாறுவதும் இந்தப் பயத்தால்தான். பஃபேயில் கொட்டப்படுவதைப் பார்த்து மனசு கொதிக்கிறவர்கள், அதில் ஒரு பங்கு சுகாதாரத்துக்காகக் கொட்டுவது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மிச்சப் பங்கு கண் பெரிதாக இருந்து வயிறு சின்னதாக இருந்தவர்கள் விட்டது. அது கீழ்த்தளத்தில் அரைக்கப்படும். கரையிலிருந்து 12 கடல்மைல் தாண்டினால்தான் அரைக்காத சாப்பாட்டைக் கடலில் போடலாம். 25 மில்லிமீட்டருக்குச் சிறிதாக அரைத்திருந்தால் 3 மைலுக்கு அப்பால் போடலாம். கரீபியன், மத்தியதரைக் கடல் போன்ற விசேஷ வட்டாரங்களில் அரைத்தாலும் 12 மைல்தான். இது மார்போல் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் விதி.

எங்கள் சாப்பாடு எது என்று கேட்காமல் யாரும் விடுவதில்லை. கப்பல் ஊழியருக்குக் கம்பனி இலவசமாகச் சாப்பாடு போட வேண்டும், அதில் அவரவர் மதத்தையும் வழக்கத்தையும் மதிக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. எங்கள் மெஸ்ஸில் எப்போதும் சோறு இருக்கும். பிலிப்பைன்ஸ்காரர்களும் இந்தியர்களும் நிறைந்த கப்பலில் சோறு இல்லாவிட்டால் வேலை நடக்காது. விருந்தினர் தட்டில் மிஞ்சியதை ஒரு வாய் வைத்தாலும் வேலை போகும். நள்ளிரவில் மண்டபத்தைத் துடைத்து முடித்துவிட்டு, ஊரிலிருந்து கொண்டுபோன மாசிச் சம்பலை அந்தச் சோற்றில் பிசைந்து நாங்கள் இரண்டு மூன்று இலங்கைப் பெடியன்கள் சாப்பிட்டதற்கு ஈடாக எந்த மெனுவிலும் ஒன்றுமில்லை. அதில் ஒருவன் தெல்தெனியச் சிங்களப் பெடியன். சம்பலுக்காகவே தமிழ் பழகினான்.

இப்போது சென்னையிலிருந்தோ வெளிநாட்டுப் பிள்ளைகளின் தயவிலோ கப்பல் ஏறுகிறவர்கள் நம் ஆட்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வது இதுதான். சின்னத் தட்டைப் பார்த்து மனம் சோராதீர்கள், வெட்கப்படாமல் இன்னொன்று கேளுங்கள். இரண்டு சூப் கேட்டாலும் தருவார்கள், அரைப் பங்கு கேட்டாலும் தருவார்கள். மரக்கறி சாப்பிடுகிறவர்கள் முதல் இரவே வெயிட்டரிடம் சொல்லிவிடுங்கள். பல கப்பல்களில் மெனுவில் இல்லாவிட்டாலும் இந்திய மரக்கறிக் கறி செய்து தருவார்கள். எம்பிரஸில் ஜைன முறைச் சாப்பாடே தனியாக உண்டு. காரம் போதாவிட்டால் பச்சை மிளகாய் கேளுங்கள், ஊழியர் மெஸ்ஸில் எப்படியும் இருக்கும். ஆறிப்போய் வந்ததைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள், அது வெயிட்டருக்கு அவமானம் இல்லை, குசினிக்குச் செய்தி. இரண்டு தட்டு சாப்பிட்டுப் பார்த்துவிட்டு மூன்றாவதற்கு யோசியுங்கள்.

கடைசி நாளில் கருத்துப் படிவம் வரும். சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் அதைத் தாராளமாக எழுதுங்கள், ஆனால் எதைக் குறைத்தார்கள் என்று பெயர் சொல்லி எழுதுங்கள், மொத்தமாக ‘மோசம்’ என்று எழுதினால் பழி வெயிட்டர் மீது விழும். நன்றாகக் கவனித்திருந்தால் அவருடைய சட்டையில் இருக்கும் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதிவிடுங்கள். அடுத்த கொன்ட்ராக்ட் கிடைப்பதற்கு அந்த ஒரு வரியும் கணக்கில் எடுக்கப்படும்.