இறக்கத்தில் நியூட்ரல்

சென்னை கத்திப்பாரா மேம்பாலத்தின் உச்சியைத் தாண்டியதும் பல ஓட்டுநர்களின் இடது கால் கிளட்சை மிதிக்கிறது, இடது கை கியரை நியூட்ரலுக்குத் தள்ளுகிறது. வண்டி தன் எடையிலேயே உருண்டு கிண்டிப் பக்கம் இறங்குகிறது. இன்ஜின் சத்தம் சட்டென்று அடங்குவதால் பெட்ரோல் மிச்சமாகிறது என்ற நம்பிக்கை இன்னும் உறுதிப்படுகிறது. ஓட்டுநர் பள்ளியில் கற்றவர்கள் உண்டு, அப்பாவையோ அண்ணனையோ பார்த்துக் கற்றவர்கள் அதைவிட அதிகம். சொல்லித் தந்தவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் ஓட்டிய அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் அது உண்மையாகவே இருந்தது. நம் கையில் இருக்கும் வண்டி வேறு. மைலேஜைப் பற்றி நாம் பரம்பரையாக வைத்திருக்கும் பாடங்களில் பாதி கார்புரேட்டர் காலத்தவை. அவற்றை இன்றைய காரில் செய்துபார்த்து, பலன் இல்லை என்றதும் “என்ன மாட்டினால் மைலேஜ் கூடும்?” என்று ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு உதிரிபாகக் கடைகளில் விசாரிக்கப் போகிறோம். மாட்டுவதற்கு அங்கே எத்தனையோ இருக்கின்றன. மைலேஜ் கூட்டுவது அவற்றில் அநேகமாக எதுவும் இல்லை.

கார்புரேட்டர் காற்றின் இழுப்புக்கு அடிமை. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை உறிஞ்சும். அந்தக் காற்று குறுகிய தொண்டை வழியே விரையும்போது பெட்ரோலையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் ஐட்லிங்குக்கென்று இருக்கும் சின்னத் துளை மூடுவதில்லை. கியரில் இருந்தபடி இறக்கத்தில் 2,000 சுற்றில் இன்ஜின் சுழன்றால், அந்தத் துளை வழியாகத் தேவையே இல்லாத பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். நியூட்ரலுக்குத் தள்ளினால் சுற்று 800-க்கு இறங்கும், செலவும் குறையும். அந்தக் கருவியை வைத்துக்கொண்டு அப்படிச் சிக்கனம் பிடித்தது புத்திசாலித்தனம்தான். பிறகு 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது, எம்பிஎஃப்ஐ இன்ஜினோடு, அதாவது கணினி சொல்லும் அளவுக்கு இன்ஜெக்டர்கள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜினோடு. 2001-ல் சென்னைக்கு பாரத் ஸ்டேஜ் 2 புகை விதிகள் வந்தன, கார்புரேட்டரின் காலம் முடிந்தது. அந்த ஆண்டுகளில் கார்களின் பின்புறம் ‘எம்பிஎஃப்ஐ’ என்று பெருமையாக ஒட்டியிருந்த எழுத்துகள் பலருக்கு நினைவிருக்கும். அந்த எழுத்துகளுக்கு என்ன அர்த்தம், அதனால் ஓட்டும் முறையில் எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த இன்ஜின் செய்யும் காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுதாக எடுத்துவிட்டால் அது பெட்ரோலே குடிப்பதில்லை. குறைவாகக் குடிக்கிறது என்று சொல்லவில்லை. ஒரு சொட்டும் இல்லை. த்ராட்டில் மூடியிருக்கிறது என்று ஒரு சென்சார் சொல்கிறது, இன்ஜின் இன்னும் வேகமாகச் சுழல்கிறது என்று இன்னொன்று சொல்கிறது. இரண்டையும் கேட்ட கணினி இன்ஜெக்டர்களை மூடிவிடுகிறது. இப்போது இன்ஜினைச் சுழற்றுவது பெட்ரோல் அல்ல, சக்கரம். மேம்பாலத்தில் ஏறும்போது செலவழித்த ஆற்றலே இறங்கும்போது சக்கரம் வழியாகத் திரும்பி வந்து இன்ஜினைச் சுற்றி, ஆல்டர்னேட்டரையும் ஏசி கம்ப்ரசரையும் ஓட்டித் தருகிறது. வேகம் குறைந்து இன்ஜின் சுற்று ஏறத்தாழ 1,200-க்கோ 1,500-க்கோ இறங்கியதும் (வண்டிக்கு வண்டி இது மாறும்) கணினி மறுபடி பெட்ரோலைத் திறக்கிறது. காலை எடுத்தபடி கவனமாக இருந்தால், அந்த நொடியில் வண்டியை யாரோ பின்னாலிருந்து மெல்லத் தொட்டது போன்ற ஒரு சிறு அசைவு தெரியும். நொடிக்கு நொடி மைலேஜ் காட்டும் திரை உள்ள காரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காலை எடுத்ததும் எண் அதன் உச்சத்துக்கு ஏறி நின்றுகொள்ளும். அந்த நேரத்தில் நியூட்ரலுக்குத் தள்ளிப் பாருங்கள், எண் இறங்கும். ஏனென்றால் நியூட்ரலில் இன்ஜினைச் சுழற்ற யாரும் இல்லை. அணையாமல் இருக்க அது பெட்ரோலை எரித்தே ஆகவேண்டும். நாம் மிச்சம் பிடிக்கிறோம் என்று செய்யும் காரியமே செலவைத் தொடங்கிவைக்கிறது. டீசல் காரிலும் இதே கதைதான். 2020-ல் பாரத் ஸ்டேஜ் 6 வந்த பிறகு பைக்குகளும் பெரும்பாலும் இன்ஜெக்டருக்கு மாறிவிட்டதால் அவற்றுக்கும் இது பொருந்தும்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. கியரில் விட்டால் இன்ஜின் வண்டியைப் பிடித்து இழுக்கிறது, வேகம் குறைகிறது, மறுபடி ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டியிருக்கிறது. நியூட்ரலில் வண்டி இன்னும் தூரம் உருளுமே என்பது அது. ஆளில்லாத நீண்ட மென்சரிவில், கீழே நிற்க வேண்டிய அவசியமே இல்லை என்றால், கணக்கு நியூட்ரல் பக்கம் சாயலாம். ஆனால் அப்படி ஓர் இறக்கம் சென்னைக்குள் எங்கே இருக்கிறது? கத்திப்பாராவில் இறங்கினால் கீழே பேருந்து நிற்கிறது, ஆட்டோ திரும்புகிறது, சற்றுத் தள்ளி சிக்னல். எப்படியும் வேகத்தைக் குறைக்கத்தான் போகிறோம். குறைக்க வேண்டிய வேகத்தை நியூட்ரலில் பிரேக் குறைத்தால் பெட்ரோல் எரிந்துகொண்டே குறைகிறது. கியர் குறைத்தால் பெட்ரோல் எரியாமல் குறைகிறது. மலைப்பாதையில் இது பெட்ரோல் விஷயமே இல்லை, உயிர் விஷயம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மட்டும் நம்பி நியூட்ரலில் இறங்குபவர் பாதி வழியிலேயே பிரேக்கைச் சூடேற்றி அதன் பிடியைக் கெடுத்துக்கொள்வார். இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குபவர் பிரேக் பூஸ்டரின் உதவியையும் பவர் ஸ்டியரிங்கையும் சேர்த்து இழக்கிறார். எந்தச் சிக்கனமும் அதற்கு ஈடாகாது.

அப்படியானால் பெட்ரோல் எங்கேதான் போகிறது? ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோ எடையுள்ள ஒரு சிறிய கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஓட்டத்தில் தேங்கியிருக்கும் ஆற்றல் ஏறத்தாழ 96 கிலோஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் இருக்கிறது, அதில் கால் பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேர்கிறது என்று கொண்டால், அந்த வேகத்தை எட்ட மட்டும் 12 மில்லி பெட்ரோல் ஆகியிருக்கிறது. இருமல் மருந்துப் புட்டியோடு வரும் அளவுமூடியை நிரப்பி ததும்பவிட்டால் அந்த அளவு. சிக்னலை நெருங்கும் வரை மிதித்துக்கொண்டே வந்து பிரேக்கில் ஏறி நிற்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஒரு மூடி பிரேக் தகட்டில் வெறும் சூடாகப் போகிறது. இப்படி 83 முறை நின்றால் ஒரு லிட்டர் போயிற்று. கிண்டியிலிருந்து ஹால்டா, சின்னமலை, மறைமலை அடிகள் பாலம், சைதாப்பேட்டை, நந்தனம் என்று தேனாம்பேட்டை வரை ஒரு நாள் போய் வருவதில் எத்தனை முறை இப்படி நிற்கிறோம் என்று எண்ணிப் பார்க்கலாம். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததுமே காலை எடுத்துவிட்டால் அதே 12 மில்லி சூடாகப் போகாமல் ஒன்றிரண்டு நூறு மீட்டர் தூரமாக மாறுகிறது. அந்தத் தூரம் முழுக்க இன்ஜெக்டரும் பெரும்பாலும் மூடியே இருக்கிறது. மைலேஜ் கூட்ட இதைவிடப் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. இதற்கு ஒரு ரூபாயும் ஆகாது.

இந்த ஊர் நெரிசலில் இதெல்லாம் நடக்கிற காரியமா, முன்னால் இடம் விட்டால் உடனே ஒருவர் நுழைந்துவிடுவாரே என்று கேட்பார்கள். நுழையத்தான் செய்வார். நுழைந்தவரும் அதே சிக்னலில்தான் நிற்பார், நாம் அவருக்குப் பின்னால் நிற்போம். ஒரு வண்டி நீளத்தை இழந்ததைத் தவிர வேறு நஷ்டம் இல்லை. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகிறவரைவிட, நின்று நின்று கிளம்பும் நகரவாசிக்குத்தான் காலின் பழக்கம் அதிகம் மிச்சப்படுத்தித் தரும். நிற்கும் நேரத்துக்கும் கணக்கு உண்டு. சிறிய பெட்ரோல் கார் சும்மா நின்றால் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். ஏசி ஓடினால் இன்னும் கூடும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மில்லி, அதாவது இன்னும் ஒரு மூடி. பல சிக்னல்களில் நொடி எண்ணிக்கை ஓடுகிறது. 60-க்கு மேல் காட்டினால் அணைத்துவிடலாம். மறுபடி கிளப்புவதற்கு ஆகும் பெட்ரோல் பத்து நொடி ஐட்லிங்குக்குக்கூட ஈடாகாது. காலையில் கிளம்புமுன் ஐந்து நிமிடம் வண்டியைச் சூடாக்குவதும் பழைய காலத்துப் பாடம்தான். மார்கழியில்கூட 18 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வமான ஊரில் அரை நிமிடம் போதும். பிறகு முதல் இரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுவதே இன்ஜினைச் சீக்கிரம் சூடாக்கும்.

பராமரிப்பு என்று வந்தால் முதலில் டயர்தான். உருளும் டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் தரையருகே வளைந்து மீண்டும் நிமிர்கிறது. வளைக்கக் கொடுத்த ஆற்றலை ரப்பர் முழுதாகத் திருப்பித் தருவதில்லை, ஒரு பங்கைச் சூடாக வைத்துக்கொள்கிறது. காற்று குறைந்தால் வளைவு கூடும், சூடும் கூடும். நான்கு டயரிலும் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. கேட்கச் சிறியதுதான். ஆனால் டயர் எதுவும் செய்யாமலே மாதம் ஒரு பிஎஸ்ஐ இழக்கிறது. எட்டு மாதம் கவனிக்காமல் விடுபவர்கள் நம்மில் ஏராளம். இதில் நம் ஊருக்கென்றே ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: “வெயில் காலம், காத்து கம்மியா வைங்க, இல்லாட்டி டயர் வெடிச்சிரும்.” உண்மை இதற்கு நேர் எதிரானது. காற்று குறைந்த டயர்தான் வளைந்து வளைந்து சூடேறி, நெடுஞ்சாலை வேகத்தில் கிழிந்து வெடிக்கிறது. இன்னொன்று, பெட்ரோல் பங்கில் காற்று பார்க்கும் நேரம். அரை மணி நேரம் ஓடிவந்த டயரில் மீட்டர் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். “33 இருக்கு சார்” என்று சொல்லி 30-க்கு இறக்கிவிடுவார் காற்றடிப்பவர். வீட்டுக்குப் போய் ஆறியதும் அது 27 ஆகிவிடும். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் எழுதியிருக்கும் எண் ஆறிய டயருக்கானது. காலையில், வீட்டுக்கு அருகிலிருக்கும் பங்கில் பார்க்க வேண்டும். காற்று இலவசமாகத் தரவேண்டியது பங்குகளின் கடமை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அழகுக்காக அகல டயரும் பெரிய அலாய் வீலும் மாட்டுபவர்கள் எடையையும் உருளும் தடையையும் சேர்த்தே மாட்டுகிறார்கள். ஊருக்குப் போய் வந்த பிறகும் கழற்றாமல் விட்ட கூரைக் கேரியர் காற்றின் தடையைக் கூட்டுகிறது. அந்தத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பதால் 80-ல் போகிறவரைவிட 100-ல் போகிறவருக்கு 56 சதவீதம் அதிகம்.

மழைக்காலம் முடிந்ததும் ஒரு சோதனை செய்யலாம். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கு அருகிலும் தொடாமல் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே காலிப்பர் துருப்பிடித்து, பிரேக் விடாமல் உரசிக்கொண்டிருக்கிறது. தேங்கிய மழைநீரில் ஓடும் வண்டிகளுக்கு வரும் வியாதி இது. இன்ஜின் ஆயில் விஷயத்தில், கையேடு 0டபிள்யூ-20 என்றோ 5டபிள்யூ-30 என்றோ சொல்லியிருக்க, கெட்டியாக இருந்தால் இன்ஜினுக்கு நல்லது என்று 20டபிள்யூ-40 ஊற்றுவது ஓரிரு சதவீதத்தைத் தின்றுவிடும். ஏர் ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் போகும் என்பதும் கார்புரேட்டர் பாடம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் சோதித்தபோது, இன்ஜெக்டர் வண்டிகளில் அடைத்த ஃபில்டரால் இழுவைதான் குறைந்தது, மைலேஜ் ஏறக்குறைய மாறவில்லை. வரும் காற்றை அளந்து அதற்கேற்ற பெட்ரோலை மட்டும் கணினி தருவதுதான் காரணம். அந்தக் கணினிக்குத் தகவல் தரும் ஆக்சிஜன் சென்சார் கெட்டுப்போவதுதான் உண்மையான கேடு. அப்போது எரியும் ‘செக் இன்ஜின்’ விளக்கைப் பழகிப்போய் மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறோம். பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தம், டேங்கில் போடும் மாத்திரை போன்ற நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சோதித்துப் பார்த்தது. மிகச் சில மட்டுமே, அதுவும் துளியளவே, பலன் தந்தன. 1996-ல் மூலிகையிலிருந்து பெட்ரோல் வரும் என்று நம்பிக் காத்திருந்த நமக்கு இந்த ஆசை புதிதல்ல. ஆனால் டாஷ்போர்டில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கும் கையேட்டைப் படிக்கும் ஆசைதான் இன்னும் வரவில்லை. அது எல்லா நிறுவனங்களிடமிருந்தும் நல்ல தமிழில் கிடைக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

எதைச் செய்தாலும் அளந்து பார்க்காமல் நம்பக் கூடாது. ஒரே பங்கில் டேங்கை நிரப்பி, நாசில் தானாக நின்றதும் நிறுத்தி, ட்ரிப் மீட்டரைச் சுழியாக்கி ஓட்டி, மறுபடி அதே இடத்தில் நிரப்பி வகுத்துப் பார்க்க வேண்டும். ஒரு டேங்க் போதாது, மூன்று டேங்கின் சராசரி வேண்டும். அளக்கும்போது இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. பழைய வகைப் பெட்ரோலுக்கென்று உருவாக்கிய கார்களுக்கு 6 முதல் 7 சதவீத மைலேஜ் குறையலாம் என்றும், புதிய கலவைக்கு ஏற்றபடி அமைத்தவற்றுக்கு 1 முதல் 2 சதவீதம் குறையலாம் என்றும் நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. அந்தக் குறைவுக்கு ஓட்டுபவரின் காலும் காரணமல்ல, மெக்கானிக்கும் காரணமல்ல. பழைய கணக்கைக் குறித்து வைத்திருப்பவருக்குத்தான் அது தெரியும்.

2001-க்கு முந்தைய கார்புரேட்டர் வண்டியை ஆசையாகப் பராமரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பழைய பாடங்கள் இன்றும் செல்லும். ஏர் ஃபில்டரை மாதாமாதம் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும், ஐட்லிங் ஸ்க்ரூவைத் தெரிந்த மெக்கானிக்கிடம் சரிபார்க்க வேண்டும், வண்டி சூடானதும் சோக்கை முழுதாக உள்ளே தள்ளிவிட வேண்டும். இறக்கத்தில் நியூட்ரல் மட்டும் அந்த வண்டிக்கும் வேண்டாம். அதன் பிரேக்குக்கும் அதே வயதுதான் ஆகிறது.