விரிசல் விழுந்த வீடும் விற்பவரின் மெளனமும்: 1882-ஆம் ஆண்டுச் சட்டம் போதுமா?

புது தில்லி: வீடு வாங்குவோர் வில்லங்கச் சான்று பார்க்கின்றனர், மூலப் பத்திரம் பார்க்கின்றனர், வழக்குரைஞரின் கருத்தையும் கேட்கின்றனர். ஆனால், அந்த வீடு அமைந்துள்ள கட்டடம் உறுதியாக இருக்கிறதா என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. அப்படிக் கேட்டாலும், உண்மையைச் சொல்லும் கடமை யாருக்கு என்பதில் தெளிவில்லை. பழைய கட்டடங்கள் நிறைந்த மும்பையில் இது உயிர்ப் பிரச்னையாகவே மாறியிருக்கிறது.

தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் மாட்டுங்காவில் பல கட்டடங்கள் நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே எழுந்தவை. செம்பூரில் உள்ள குடியிருப்புகளில் கணிசமானவை அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டன. கடல் காற்றின் உப்பும் ஆண்டுதோறும் நான்கு மாதங்கள் கொட்டும் மழையும் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிகளைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. துருவேறிய கம்பி பருத்து, கான்கிரீட்டை வெடிக்கச் செய்கிறது. வெளியே புதிதாகப் பூசி வண்ணமடித்துவிட்டால், வாங்க வருபவரின் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

சட்டம் சொல்வது என்ன?

சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882-இல் இயற்றப்பட்டது. அதன் 55-ஆவது பிரிவு, சொத்திலோ அதன் உரிமையிலோ உள்ள முக்கியக் குறை விற்பவருக்குத் தெரிந்திருந்து, வாங்குபவருக்குத் தெரியாதிருந்தால் அதை வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. சாதாரண கவனத்துடன் பார்த்தாலும் வாங்குபவரால் கண்டுபிடிக்க இயலாத குறையாக அது இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இப்படிப்பட்ட குறையைச் சொல்லாமல் விடுவது மோசடி என்றும் அதே பிரிவு கூறுகிறது.

இது ஏட்டளவில் நின்றுவிட்ட விதியல்ல. அரியானா நிதிக் கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-இல் இப்பிரிவை எடுத்தாண்டது. விற்பனைக்கு வந்த நிலத்துக்கு முறையான பாதை இல்லை என்பதைச் சொல்லாமல் விட்ட அந்தக் கழகம், வாங்க வந்தவரின் முன்பணத்தைப் பறிமுதல் செய்தது செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பாதை இருக்கிறதா, இல்லையா என்பது நேரில் பார்த்து முடிவு செய்யக் கூடியது. கட்டடத்தின் உறுதி அப்படியல்ல. அங்கே குறை இருக்கிறதா என்பதிலேயே பொறியாளர்கள் முரண்படுகின்றனர்.

ஒரு கட்டடம், இரு அறிக்கைகள்

முப்பது ஆண்டுகளைக் கடந்த கட்டடங்களைப் பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்று மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 353-பி பிரிவு கூறுகிறது. கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் மாதிரி துணைவிதிகளும் இத்தகைய ஆய்வை வலியுறுத்துகின்றன. 15 முதல் 30 ஆண்டுகள் வரையிலான கட்டடங்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதற்கும் பழையவற்றுக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் ஆய்வு நடைபெற வேண்டும்.

ஆய்வு முடிவுகளின்படி கட்டடங்கள் வகைப்படுத்தப்படுகின்றன. சி-1 என்றால் உடனே காலி செய்து இடிக்கப்பட வேண்டியது. சி-2ஏ, சி-2பி ஆகியவை பெரிய அளவில் கட்டமைப்புப் பழுதுபார்க்க வேண்டியவை. சி-3 சிறு பழுது மட்டும் கொண்டது.

வாடகைதாரர்கள் வாழும் கட்டடத்தில் உரிமையாளரின் பொறியாளர் சி-1 என்பார். குடியிருப்போரின் பொறியாளர் பழுதுபார்த்தால் போதும் என்பார். இவ்வாறு அறிக்கைகள் முரண்படும்போது தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவிடம் அனுப்பும் முறைக்கு மும்பை உயர் நீதிமன்றத்தின் 2014-ஆம் ஆண்டு உத்தரவு வழிவகுத்தது. மீயொலி அலைச் சோதனை, கான்கிரீட்டில் துளையிட்டு மாதிரி எடுக்கும் சோதனை, கம்பியின் அரிப்பை அளக்கும் சோதனை போன்றவற்றின் முடிவுகளை அக்குழு ஒப்பிட்டுப் பார்க்கும்.

உரிமையாளர், குடியிருப்போர், மாநகராட்சி ஆகியோருக்கு இடையிலான சர்ச்சைக்கு இதில் ஒரு வழி கிடைத்தது. அந்தச் சர்ச்சை நடந்துகொண்டிருக்கும்போதே வீட்டை வாங்க வருபவருக்கு இதில் இடமே இல்லை.

குர்லா தந்த பாடம்

செம்பூரை ஒட்டியுள்ள குர்லாவின் நாயக் நகரில் 2022 ஜூன் 27 இரவு நான்கு மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தது. 19 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் அங்கு வாடகைக்குத் தங்கியிருந்த தொழிலாளர்கள். அக்கட்டடம் முதலில் சி-1 பட்டியலில் வைக்கப்பட்டதாகவும், குடியிருப்போர் தரப்பில் அளிக்கப்பட்ட வேறோர் ஆய்வறிக்கைக்குப் பிறகு பழுதுபார்க்கக் கூடிய வகைக்கு மாற்றப்பட்டதாகவும் மாநகராட்சி அப்போது தெரிவித்தது.

அபாயம் என்று சொன்ன அறிக்கை ஒன்று, இல்லை என்று சொன்ன அறிக்கை ஒன்று. இவற்றில் இரண்டாவதை மட்டும் காட்டி ஒருவர் தமது வீட்டை விற்றிருந்தால், அவர் பொய் சொன்னவர் ஆகமாட்டார். ஆனால், உண்மை முழுவதையும் சொன்னவராகவும் ஆகமாட்டார். 1882-ஆம் ஆண்டுச் சட்டம் தடுமாறும் இடம் இதுவே.

"குறை இருப்பதை நான் ஏற்கவில்லை, ஏற்காத குறையை எப்படி வெளிப்படுத்துவது?" என்பது விற்பவர் வைக்கக் கூடிய வாதம். "மாநகராட்சி ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் அபாயக் கட்டடங்களின் பட்டியலை வெளியிடுகிறது, வாங்குபவர் அதைப் பார்த்திருக்கலாமே" என்பது அடுத்த வாதம். அப்பட்டியலில் இடம்பெறுபவை சி-1 கட்டடங்கள் மட்டுமே. மற்ற வகைகளுக்கான அறிக்கைகள் சங்கத்தின் அலமாரியில் இருக்கும். இன்னும் உறுப்பினர் ஆகாத வாங்குபவர் அவற்றைக் கேட்டுப் பெற வழியில்லை.

ஆய்வின் முடிவு சரியா, தவறா என்பது சர்ச்சைக்குரியதாக இருக்கலாம். ஆனால், ஆய்வு நடந்தது, அறிக்கை வந்தது, அதை ஒருவர் மறுத்தார் என்பவற்றில் சர்ச்சை இல்லை. எந்த அறிக்கை சரி என்று தீர்ப்பளிக்கும்படி விற்பவரிடம் யாரும் கேட்கவில்லை. இரண்டையும் வாங்குபவரின் கையில் கொடுப்பதே அவரது கடமையாக இருக்க வேண்டும்.

இதில் இன்னொரு முரணும் உண்டு. கட்டடம் பலவீனமானது என்ற அறிக்கை சில நேரங்களில் விலையைக் குறைப்பதில்லை. மறுசீரமைப்பு வரும், பெரிய வீடு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் விலையை உயர்த்துகிறது. அப்போது விற்பவர் அபாய அறிக்கையை முன்னால் வைத்து, மறுப்பு அறிக்கையை மறைக்கக் கூடும். எப்படியாயினும் பாதி உண்மையை நம்பிப் பணம் கொடுப்பவர் வாங்குபவரே.

தாராவியில் சிக்கல் வேறு வடிவத்தில் உள்ளது. அங்கு அறையை விற்பவருக்கு நிலத்தின் மீது உரிமை இல்லை. மறுசீரமைப்புத் திட்டத்தில் தாராவிக்குள்ளேயே இலவச வீடு பெறும் தகுதி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வசிப்போருக்கே உண்டு. 2024-இல் தொடங்கிய கணக்கெடுப்பில் ஒருவர் தகுதியற்றவர் எனக் குறிக்கப்பட்டு, அவர் அதை எதிர்த்து முறையிட்டிருந்தால், அந்த விவரம் தெரியாமல் அறையை வாங்குபவர் எதிர்கால வீட்டையே இழப்பார்.

நாடாளுமன்றத்தின் முன்னுள்ள வாய்ப்பு

2016 மார்ச் மாதம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டமைப்புக் குறைகளை 30 நாள்களில் இலவசமாகச் சரிசெய்யும் பொறுப்பைக் கட்டுநர் மீது சுமத்தியது. தனிநபர் ஒருவர் தமது பழைய வீட்டை மற்றொருவருக்கு விற்கும்போது இச்சட்டம் துணைக்கு வராது. எஞ்சுவது உரிமையியல் நீதிமன்றமே. அங்கும், விற்பவர் எல்லாம் அறிந்திருந்தார் என்பதை நிரூபிக்கும் சுமை வாங்கியவர் தலையில் விழுகிறது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 1987 முதல், வீட்டை விற்பவர் தமக்குத் தெரிந்த குறைகளை அரசு வகுத்த படிவத்தில் எழுதித் தர வேண்டும். இந்தியாவில் அப்படியொரு பொதுவான படிவம் இல்லை.

விவசாய நிலம் நீங்கலான சொத்துரிமை மாற்றமும் ஆவணப் பதிவும் அரசமைப்புச் சட்டத்தின் பொதுப் பட்டியலில் உள்ளன. எனவே, நாடாளுமன்றம் சட்டமியற்றத் தடையில்லை. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்துக்கு மாற்றாக ஒரு வரைவு மசோதாவை மத்திய அரசின் நில வளத் துறை 2025 மே மாதம் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டது. மின்னணு முறைப் பதிவு அதன் முக்கிய நோக்கங்களுள் ஒன்று.

முப்பது ஆண்டுகளைக் கடந்த கட்டடத்தில் வீடு விற்பவர், அதுவரை வந்த எல்லா ஆய்வறிக்கைகளையும், நோட்டீஸ்களையும், அவற்றின் மீதான மறுப்புகளையும் பத்திரத்துடன் இணைக்க வேண்டும் என்ற ஒரு பிரிவைச் சேர்க்க இதுவே தக்க தருணம். அதனால் எந்தக் கட்டடமும் வலுப்பெற்றுவிடாது. ஆனால், வாழ்நாள் சேமிப்பைக் கொடுப்பவரும், அந்தக் கூரையின் கீழ் உறங்கப் போகும் அவரது குடும்பமும் எல்லாம் தெரிந்த பின் முடிவெடுக்க முடியும்.