சின்ன ரயிலின் சிற்றுருவம்

உவரிக்கு அருகிலுள்ள திசையன்விளையைக் குலசேகரன்பட்டினம் வழியாகத் திருச்செந்தூருடன் ஒரு காலத்தில் இணைத்தது ஒரு சின்ன ரயில். தேரிக்காட்டுப் பனங்கருப்பட்டியைக் குலசேகரன்பட்டினம் சர்க்கரை ஆலைக்குக் கொண்டுவரப் பாரி கம்பெனி 1910-களில் இதை அமைத்தது, பயணிகளும் ஏறினர். 1940-இல் ஓட்டம் நின்றது.

தண்டவாளங்களுக்கு இடையே 2 அடிதான், அதாவது 610 மி.மீ. சிற்றுருவம் செய்ய இதை 1:76 அளவில் சுருக்கினால் 8 மி.மீ. வரும். கடைகளில் கிடைப்பதோ 9 மி.மீ. பாதை. அந்த ஒரு மில்லிமீட்டரைப் பொறுத்துக்கொள்வதே நல்லது, 9 மி.மீ. பாதைக்கான மோட்டாரும் சக்கரங்களும் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. அவற்றின்மேல் பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டிப் பெட்டி கட்டலாம். 20 அடிப் பெட்டி சுமார் 80 மி.மீ. நீளம் வரும்.

கடினமானது வண்ணந்தான். கறுப்பு வெள்ளைப் படம் எதுவும் நிறத்தைச் சொல்லாது. ஆனால் அந்த மண்ணைப் பார்த்தே சில முடிவுகளுக்கு வரலாம்: சக்கரச் சட்டங்களில் தேரியின் செம்மண் தூசி, இரும்பில் உப்புக்காற்றின் துரு, பலகையில் வெயிலின் வெளிறல். தூரிகையில் வண்ணம் உலரும் தறுவாயில் லேசாகத் தேய்த்தால் தூசி இயல்பாகப் படியும்.